ஏரிக்கீழ்க் களிமண்ணில் தென்னையும் பனையும்: குழிக்குப் பதில் மேடு கட்டி நடும் முறை

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாக இருக்கும் பழைய வட ஆற்காட்டில், ஏரிக்குக் கீழே நெல் விளைந்த நஞ்சையில் தென்னை வைக்க விரும்புபவர்கள் பலர். நடவுக்கும் களைக்கும் ஆள் கிடைப்பதில்லை, தென்னையை ஒருமுறை வைத்துவிட்டால் போதும் என்பது அவர்களுடைய கணக்கு. வீட்டுமனையாக மாறிவிட்ட பழைய வயல்களில், வாசலின் இரு பக்கமும் ராயல் பாம், ஃபாக்ஸ்டெயில் பாம் என்று அழகுக்காக வாங்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் செய்வது ஒன்றுதான். மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி, அடியில் மணலும் எருவும் கொட்டி, கன்றை உள்ளே இறக்கி நடுகிறார்கள். செம்மண் புஞ்சையில் இந்த முறைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. நீர் வடியாத களிமண்ணில், கன்று சாவதற்கு இந்தக் குழியே காரணமாகிவிடுகிறது.

களிமண்ணில் வெட்டிய குழியின் சுவரும் அடியும் நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. மழைநீர் குழிக்குள் இருக்கும் இளக்கமான மண்ணுக்குள் விரைவாக இறங்கிவிடும், இறங்கிய பிறகு அது போவதற்கு வழி இல்லை. துளையில்லாத அண்டாவில் செடி வைத்ததற்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது. மண் ஈரமாக இருக்கும்போது ஜேசிபி வைத்து வெட்டினால், வாளியின் விளிம்பு பட்ட இடமெல்லாம் பளபளவென்று மெழுகப்பட்டு, இருந்த சிறு துளைகளும் அடைபட்டுப் போகும். அடியில் ஜல்லி போட்டால் நீர் வடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அதுவும் சரியல்ல. நுண்ணிய துளைகள் கொண்ட மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் கொண்ட ஜல்லிக்குள் நீர் தானாக இறங்காது, மேலே உள்ள மண் முழுவதும் ஊறித் ததும்பிய பிறகுதான் சொட்டத் தொடங்கும். ஆகவே ஜல்லி போட்ட குழியில் ஈரம் குறைவதற்குப் பதிலாக வேருக்கு இன்னும் அருகில் வந்து நிற்கிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னைக்கு மூன்றடிக் குழியைப் பரிந்துரைக்கும்போதே, நீர் நன்றாக வடியாத கனத்த மண் தென்னைக்கு ஏற்றதன்று என்றும் சொல்கிறது. முதல் வரியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவதால்தான் இந்தத் தொல்லை. இருப்பது களிமண்தான், அதில்தான் வைத்தாக வேண்டும் என்றால், குழி வெட்டுவதை விட்டு மேடு கட்ட வேண்டும். மற்ற வேலைகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தென்னை, பனை, ஈச்சம், கமுகு ஆகிய எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மாமரத்துக்கும் புளியமரத்துக்கும் உள்ளதுபோல ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகும் ஆணிவேர் இவற்றுக்கு இல்லை. அடிமரத்தின் கிழங்குப் பகுதியிலிருந்து ஒரே பருமனுள்ள வேர்கள் நூற்றுக்கணக்கில் புறப்படும். தென்னையின் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தூரத்துக்குள்ளேயே இருக்கும். இந்த வேர்களுக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. ஓடும் வெள்ளம் சில நாள் நின்று வடிந்துபோவதை வளர்ந்த மரம் தாங்கும். 2021 நவம்பரில் பாலாறு பெருகியபோது அப்படித் தாங்கி நின்ற தோப்புகள் உண்டு. வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் நீரில் காற்று தீர்ந்துபோய் வேர் அழுகும். இந்த மரங்களுக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று, அதுவே குருத்து. வேர் அழுகி மரம் நலிந்து, அந்தக் குருத்தும் போய்விட்டால் பக்கக்கிளை விட்டுப் பிழைக்க வழியில்லை.

மண்ணைச் சோதித்தல்

களிமண் என்று கண்ணால் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். ஒரு பிடி ஈரமண்ணை எடுத்துப் பென்சில் பருமனுக்கு உருட்டி வளையமாக வளையுங்கள். விரிசல் இல்லாமல் வளைந்தால் அது களிமண்தான். அது நீரை எவ்வளவு வேகத்தில் விடுகிறது என்பதுதான் இன்னும் முக்கியம். ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து நீர் நிரப்பி வடிய விடுங்கள். பிறகு மறுபடியும் நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் வைத்து, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் வழக்கமான குழி முறையே போதும். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் மேடு கட்டியே தீர வேண்டும். காலையில் ஊற்றிய நீர் மறுநாள் காலையிலும் நின்றால், மேட்டோடு வடிகாலும் வேண்டும்.

இந்தச் சோதனையைக் கோடையில் செய்வது பயனற்றது. வெயிலில் வெடித்த களிமண் அந்த வெடிப்புகள் வழியாக நீரைக் குடித்துவிடும், நிலம் நன்றாக வடிகிறது என்று நாம் ஏமாந்துபோவோம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று நல்ல மழை பெய்து வெடிப்புகள் மூடிய பிறகு செய்தால்தான் உண்மை தெரியும். குழியிலிருந்து வரும் மண்ணின் நிறத்தையும் பாருங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறமும், இடையிடையே துருவின் நிறத்தில் புள்ளிகளும், அழுகிய முட்டையின் நாற்றமும் இருந்தால் அங்கே நீர் ஆண்டுதோறும் நெடுநாள் நிற்கிறது என்று பொருள்.

ஜிப்சம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. களிமண் என்றாலே மூட்டை மூட்டையாக ஜிப்சம் போடச் சொல்லும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. கோலிக்குண்டு அளவுள்ள உலர்ந்த மண்கட்டி ஒன்றை, கண்ணாடி டம்ளரில் உள்ள மழைநீரில் மெதுவாக விட்டு, ஆட்டாமல் சில மணி நேரம் வைத்திருங்கள். போர்வெல் நீரில் செய்ய வேண்டாம், அதிலுள்ள உப்பு முடிவை மாற்றிவிடும். கட்டி உதிர்ந்து கீழே குவிந்து, மேலே நீர் தெளிவாகவே இருந்தால் ஜிப்சத்தால் பெரிய பயன் இராது. கட்டியைச் சுற்றி வெண்ணிறக் கலங்கல் எழுந்து பரவினால் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கிறது, அதாவது களர்த்தன்மை வந்துவிட்டது. அந்த மண்ணுக்குத்தான் ஜிப்சம் மருந்து. எவ்வளவு போட வேண்டும் என்பதை மண் பரிசோதனை முடிவைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். வேலூர்ப் பக்கத்து விவசாயிகள் விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். தோல் தொழிற்சாலைகள் உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைச் சுற்றுப்புறங்களில் மண்ணோடு கிணற்று நீரையும் சோதித்துவிடுவது நல்லது. ஓரளவு உப்பைத் தென்னை தாங்கிக்கொள்ளும், ஆனால் சோடியம் மிகுந்த நீர் பாயப் பாயக் களிமண்ணின் துளைகள் மேலும் அடைபடும்.

மேடு கட்டுதல்

மேடு கட்டும் வேலை சித்திரை, வைகாசியில் நடக்க வேண்டும். ஒரு கோடை மழை பெய்து, மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதத்தில் இருக்கும்போது தொடங்கலாம். சேறாக இருக்கும்போது களிமண்ணில் மண்வெட்டி படவே கூடாது. நெல்லுக்குச் சேறடித்து நீரை நிற்க வைக்கும் வேலையையே மரத்துக்கும் செய்ததாக ஆகிவிடும். பல தலைமுறையாகச் சேற்றுழவு கண்ட நஞ்சையில், மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே கெட்டித்தட்டு ஒன்று இறுகிக் கிடக்கும். கடப்பாரையால் குத்திப் பார்த்தால், சர்ரென்று இறங்கி வந்த முனை அந்த இடத்தில் டங்கென்று நிற்கும். மேடு கட்டும் வரிசைகளில் மட்டுமாவது, மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பை ஓட்டி அந்தத் தட்டை உடைத்துவிட வேண்டும். காலமும் நீரும் இருந்தால், அதற்கு முந்தைய பருவத்தில் நிலம் முழுவதும் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவதைவிடக் களிமண்ணுக்குச் செய்யும் நல்ல வேலை வேறில்லை.

தென்னைக்கு 25 அடி இடைவெளியில் வரிசைகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையையும் நீளமான ஒரே மேடாகக் கட்டுங்கள். தனித்தனி மேடுகளைவிட இது மேலானது, வேர் பரவ நீளவாக்கில் இடம் கிடைக்கும், மழையில் கரைவதும் குறையும். அடியகலம் எட்டடி, மேலகலம் ஐந்தடி, உயரம் இரண்டடி இருக்கட்டும். மழை கண்டு அமர்ந்த பிறகு உயரம் ஒன்றரை அடியில் நிற்கும். வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மரம் என்றால் எட்டு முதல் பத்தடி விட்டமுள்ள வட்ட மேடு போதும். இரண்டு மேடுகளுக்கு நடுவிலிருந்து மேல்மண்ணை வெட்டி இழுத்து மேடாக்கினால், வெட்டிய இடமே வடிகாலாகிவிடும். அந்த மண்ணோடு மக்கிய தொழுவுரம், வேர்க்கடலைத் தொலி, உமி ஆகியவற்றைக் கலக்கலாம். வேர்க்கடலை விளையும் ஊர்களில் தொலியும், ஆரணிப் பக்கத்து அரிசி ஆலைகளில் உமியும் கிடைக்கின்றன. தென்னை நார்க்கழிவு நீரைப் பிடித்து வைக்கும் பொருள் என்பதால், அதை உள்ளே கலக்காமல் மேலே மூடாக்காகப் பயன்படுத்துவதே சரி.

களிமண்ணைத் திருத்துவதற்காக நாலு கூடை மணல் போடுவது வீண். மொத்த மண்ணில் பாதிக்கு மேல் மணலாக இருந்தால்தான் குணம் மாறும். கொஞ்சமாகப் போட்டால் களியும் மணலும் சேர்ந்து காய்ந்ததும் கெட்டியாகிவிடும். ஏரி வண்டலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். செம்மண் புஞ்சைக்கு ஏரி வண்டல் அருமையான உரம், ஆனால் ஏற்கனவே களியாக இருக்கும் நிலத்தில் அதைக் கொண்டுவந்து மேடு கட்டினால், நுண்மண்ணின் மேல் இன்னும் நுண்மண் சேரும். டிப்பரில் செம்மண் கொண்டுவருபவர்கள், அதை அப்படியே வயலின் மேல் கொட்டிவிடாமல், அடியில் உள்ள களிமண்ணைக் கொத்திவிட்டு, முதல் அரையடியைக் கீழ்மண்ணோடு கலந்துவிட்டுப் பிறகு மேலே குவிக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு மண்ணும் சேரும் இடத்தில் நீர் நிற்கும், வேரும் அங்கேயே திரும்பிவிடும்.

எவ்வளவு நல்ல மேடாக இருந்தாலும், நடுவில் உள்ள வடிகால் கடைமடையை நோக்கிச் சரிந்து ஒரு பொது வாய்க்காலில் போய்ச் சேர வேண்டும். நீர் வெளியேற வழி இல்லாத வடிகால் வெறும் குட்டைதான். பக்கத்து வயலில் நெல் இருந்தால் வரப்பின் அடியில் கசியும் நீர் ஆறு மாதமும் நம் நிலத்துக்குள் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பக்கத்து வரப்பை ஒட்டி, நம் எல்லைக்குள் இரண்டடி ஆழத்துக்கு ஒரு தடுப்பு வாய்க்கால் எடுத்து, கசிவை அங்கேயே பிடித்து வெளியே விட வேண்டும். வட ஆற்காட்டு ஏரிப்பாசனத்தில் பலரும் கவனிக்காமல் விடும் வேலை இதுதான்.

எந்த மரம்?

பனைதான் முதல் தேர்வு. ஏரிக்கரைகளில் நீரை ஒட்டியும், பொட்டல் மேட்டில் காய்ந்தும் அது நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு சான்று தேவையில்லை. பனையைக் கன்றாகப் பிடுங்கி நடக்கூடாது. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது கொட்டையைச் சேகரித்து, வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன் வரப்பிலோ மேட்டிலோ நேரடியாக ஊன்ற வேண்டும். கொட்டையிலிருந்து புறப்படும் முளை முதலில் கீழ்நோக்கி ஆழமாக இறங்கி, அதன் பிறகே இலை மேலே வரும் என்பதால், ஊன்றும் இடத்தைக் கடப்பாரையால் இரண்டடி ஆழத்துக்காவது குத்தி இளக்கி வையுங்கள். ஈச்சமும் ஈரத்தைத் தாங்கும்.

தென்னை நடுத்தரம், நல்ல மேடு இருந்தால் விளையும். கமுகு நீர் கேட்கும் மரம் என்றாலும் தேங்கிய நீரைத் தாங்காது. அழகு மரங்களில் ராயல் பாம் ஈர நிலத்துக்குப் பழகியது. ஃபாக்ஸ்டெயில் பாம் நேர்மாறு, நீர் தேங்கினால் விரைவில் நலிந்துவிடும். களிமண் மனையில் அதை வாங்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் நிலம் வைத்திருப்பவர்கள் குளிர் தாங்கும் வகைகளைத் தேடுகிறார்கள். ஏலகிரி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், குளிர்நாடுகளில் உள்ளதுபோல உறைபனியில் மரம் கருகும் நிலை அங்கே இல்லை. சீனாவைச் சேர்ந்த டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழேயும் தாங்கக்கூடியது. மலையின் மிதமான தட்பவெப்பம் அதற்குப் பிடிக்கும், வேலூர்ச் சமவெளியின் அக்னி நட்சத்திர வெயில் பிடிக்காது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் சதுப்பிலும் களிமண்ணிலும் தானாக வளரும் சபால் மைனர், குளிரையும் வெயிலையும் ஈரத்தையும் ஒருங்கே தாங்கும் குட்டை வகை. நம் நர்சரிகளில் இது எளிதில் அகப்படாது, சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் தானே முளைக்கும் சிற்றீச்சமும் நல்ல தேர்வுதான், வெளிநாட்டு மரம்தான் அழகு என்ற எண்ணத்தால் அதை ஒதுக்கிவிடுகிறோம். எந்த வகையானாலும், குளிரும் ஈரமும் சேர்ந்து வரும் மாதங்களில் வேர் மெதுவாகவே வளரும், அழுகல் பூஞ்சைக்கு அது வசதி. ஆகவே மலையில் மார்கழி, தை மாதங்களைத் தவிர்த்து மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ நடுங்கள்.

நடவு

சமவெளியில் தென்னைக்கும் அழகு மரங்களுக்கும் மார்கழிப் பிற்பகுதியும் தையும் நல்ல காலம். பெருமழை ஓய்ந்திருக்கும், மேடு ஒரு மழைக்காலம் கண்டு அமர்ந்திருக்கும், கோடைக்கு முன் வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். மேட்டின் நடுவில், கன்றின் வேர்க்கட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்துக்கு மட்டும், அகலத்தில் இரு மடங்காகப் பள்ளம் எடுங்கள். பள்ளத்தின் சுவர் மழமழப்பாக இருந்தால் கடப்பாரை முனையால் கீறிவிட வேண்டும். பாலித்தீன் பையைக் கத்தியால் கிழித்து எடுத்து, வேர்க்கட்டி உடையாமல் இறக்குங்கள். வேர்க்கட்டியின் மேல்மட்டம் மேட்டின் மேல்மட்டத்தைவிட ஓர் அங்குலம் உயர்ந்தே இருக்கட்டும், ஏனென்றால் மண் அமரும்போது கன்றும் சிறிது இறங்கும். தென்னங்கன்றானால் தேங்காய் மூடினால் போதும், கழுத்துப் பகுதிக்கு மேல் மண் ஏறக்கூடாது.

ஆழமாக நட்டால்தான் தென்னை காற்றுக்குச் சாயாது என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அடிமரத்தின் கிழங்குப் பகுதி மண்ணுக்குள் இருந்தால்தான் புது வேர்கள் மண்ணைப் பிடிக்கும். களிமண்ணில் அதே பலனை வேறு வழியில் பெறலாம். மேலாக நட்டுவிட்டு, அடிமரம் பருக்கப் பருக்க ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் இரண்டு மூன்று அங்குலம் மண் அணைத்துக்கொண்டே வர வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கன்றை இரு குச்சிகளுக்கு நடுவே தளர்வாகக் கட்டி வையுங்கள். தென்மேற்குப் பக்கம் தென்னங்கீற்று நட்டு மாலை வெயிலை மறைப்பதும் அவசியம்.

நட்ட கையோடு மூடாக்கு போட வேண்டும். காய்ந்த தென்னஞ்சருகு, கரும்புத் தோகை, வைக்கோல் எது கிடைத்தாலும் நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டி அரையடி மட்டும் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் நீர் தேங்கிக் கெடுக்கும் களிமண், கோடையில் வெடித்து வேரை அறுத்துக் கெடுக்கும். அந்த வெடிப்பை மூடாக்கு பெருமளவு தடுக்கும்.

நீரும் கண்காணிப்பும்

வேரில் காற்றில்லாமல் தவிக்கும் கன்றும், நீரில்லாமல் தவிக்கும் கன்றும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஓலை தொங்கும், நுனி காயும், வெளி மட்டைகள் மஞ்சளாகும். வாடிவிட்டதே என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுவதால் களிமண்ணில் சாகும் கன்றுகள் ஏராளம். நீர் விடுவதற்கு முன் தண்டிலிருந்து ஓரடி தள்ளி ஆறு அங்குலம் கையால் தோண்டி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். விரலில் ஒட்டிக்கொண்டு நீர் மினுமினுத்தால் அன்றைக்கு நீர் வேண்டாம். உருண்டையாகி, தட்டினால் உடைந்தால் நீர் விடலாம். சொட்டுநீர்க் குழாயை மேட்டின் மேலேயே, தண்டிலிருந்து ஓரடி தள்ளி இரு பக்கமும் வையுங்கள். வடிகாலில் நீர் பாய்ச்சி மேட்டை நனைக்கும் பழக்கம் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குருத்தை மட்டும் தவறாமல் கவனிக்க வேண்டும். நடுக்குருத்து நிறம் மங்கி, லேசாக இழுத்ததும் கையோடு வந்து, அடியில் துர்நாற்றம் வீசினால் அது குருத்தழுகல் நோய். அழுகிய பகுதியை நல்ல திசு தெரியும்வரை சுத்தமாக வெட்டி எடுத்து, 10 சதவீத போர்டோ பசை தடவி, புதுக்குருத்து வரும்வரை மழைநீர் இறங்காமல் மூடி வைக்கலாம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்துப் பிறகு ஒன்றாகக் கலந்தால் அந்தப் பசை கிடைக்கும். உலோகப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் வாளியோ மண்சட்டியோ போதும். அருகிலுள்ள மற்ற மரங்களின் குருத்தில் 1 சதவீத போர்டோ கலவையைத் தெளித்து வைப்பது நல்லது.

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசிக்குள் வடிகால்களில் சேர்ந்த மண்ணை வாரி மேட்டின் மேல் போட்டுவிட வேண்டும். கரைந்துபோன மேடும் உயரும், வடிகாலின் ஆழமும் குறையாது. முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் மண்வெட்டியோடு ஒரு சுற்று வந்து, எந்த வரிசையில் நீர் நகராமல் நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் அப்போதே ஒரு வழி வெட்டி விட்டுவிடுங்கள்.